மொட்டைக் கோபுரத்துக்கு ஒன்பது சுற்று

சுரண்டை உரக்கடை செல்லச்சாமி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருசம் ஆனி மாதம் ஒரு முடிவெடுத்தார். பெண்டாட்டி வடிவம்மாள் இல்லாமல் ஐந்தருவியில் ஒரு குளியல். கூட்டாளி அய்யாக்குட்டி நல்லெண்ணெய், சீட்டுக்கட்டு, கோழிக்குழம்போடு அங்கே காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். ஆனால் வடிவம்மாளை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும் தைரியம் செல்லச்சாமியின் பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது.

அதனால் கூட்டிக்கொண்டே புறப்பட்டார். தென்காசியில் இடிந்த கோபுரத்தைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் முதுகில் மூட்டையோடு வருகிறார்களாம், நாமும் அப்படியே போவோம் என்றார். மச்சினன் இசக்கிப்பாண்டியின் பட்டாளத்துப் பையை முதுகில் மாட்டினார். புளியோதரைத் தூக்கு, பித்தளைச் செம்பு, மாற்றுச்சேலை என்று பாதி வீட்டை அதற்குள் திணித்தாள் வடிவம்மாள்.

குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது. தென்காசியிலோ சாரல் அன்றைக்கு லீவு. வெயில் மண்டையைப் பிளந்தது. இடிவிழுந்து இரண்டாய் நின்ற மொட்டைக் கோபுரத்தைக் காட்டி, கல்லுக்கு ஒரு ராஜாவாக வாய்க்கு வந்தபடி அளந்தார். ராஜாக்கள் தீர்ந்துபோனதும் விஷயத்துக்கு வந்தார்.

"ஏட்டி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தக் கோபுரத்துக்கு அடியில நடந்த பொம்பள அன்னைக்கு அருவியில தலை நனைக்கக் கூடாது. புருசனுக்கு ஆகாது."

"ஆம்பள குளிக்கலாமா?"

"தாராளமா."

வடிவம்மாள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்று செல்லச்சாமிக்கு ஒரே குஷி. பக்கத்துத் தெருவில் அவளுடைய சித்தி மகள் சொக்கம்மாள் வீட்டில் அவளை இருத்திவிட்டு, ஐந்தருவி பஸ்ஸுக்குக் கிளம்பினார். பத்தடி போவதற்குள் பின்னால் குரல் வந்தது.

"நில்லுங்க. பரிகாரம் இருக்காம், சொக்கம்மா சொல்லுதா. புருசன் செருப்பில்லாம, முதுகுச் சுமையோட, வாய் திறக்காம கோயிலை ஒம்பது சுத்து சுத்தணுமாம். சுத்த ஆரம்பிச்சதுமே பொண்டாட்டி குளிக்கலாமாம்."

"அதெல்லாம் சும்மா சொல்லுதது."

"அப்ப நீங்க சொன்னது?"

செல்லச்சாமி செருப்பைக் கழற்றினார்.

எண்ணிக்கைக்குக் கோயில் வாசல் பூக்காரி முத்துவடிவு புளியங்கொட்டையோடு உட்கார்ந்தாள். இரண்டாம் சுற்றில் அக்காள் தங்கை இரண்டு பேரும் சீயக்காய்ப் பொட்டலத்தோடு பஸ் ஏறுவதைப் பார்த்தார். கத்த வாயெடுத்தார். முத்துவடிவு விரலை ஆட்டினாள். நாலாம் சுற்றில் உள்ளங்கால் கொப்பளித்தது. இத்தனை நீளத்துக்கு மதில் கட்டிய ராஜாவின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள்ளேயே வைதார். ஏழாம் சுற்றில், யாரோ பெரிய மகான் என்று நினைத்து வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் அவர் காலில் விழுந்தார். கொப்பளத்தின் மேலேயே விழுந்தார். அதற்கும் வாய் திறக்க வழியில்லை.

பொழுது சாய, ஈரக்கூந்தலும் பளபளத்த முகமுமாக வடிவம்மாள் திரும்பினாள். செல்லச்சாமி சொக்கம்மாள் வீட்டுக் கூடத்தில் மல்லாந்து கிடந்தார்.

"அய்யாக்குட்டி அண்ணாச்சி உங்களைக் கேட்டாவ. நீங்க எனக்காகப் பரிகாரம் செய்யுதீயன்னு சொன்னதும் கண்ணு கலங்கிட்டாவ. கோழிக்குழம்பு பூராத்தையும் எங்களுக்கே ஊத்திட்டாவ."

செல்லச்சாமியின் கண்ணும் கலங்கியது. அவள் அவர் காலை மடியில் தூக்கி வைத்து, கொப்பளத்துக்குப் பதமாக எண்ணெய் தடவினாள். அவருக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"பேசாம தூங்குங்க," என்றாள் வடிவம்மாள். "பரிகாரம் ஒரு அருவிக்குத்தான் செல்லுமாம். நாளைக்கு நாங்க பழைய குத்தாலம் போகுதோம்."