சூரை மீனுக்கு வருங்காலம் சொன்னவர்

மனிதர்களில் ‘வருங்காலத்தார்’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலங்கள் மூன்று என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா? இவர்கள் அன்றைக்கு வகுப்புக்குப் பாதியில்தான் வந்திருக்க வேண்டும். இறந்தகாலத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். நிகழ்காலம் இவர்களுக்குப் பேருந்து நிறுத்தம் மாதிரி. வண்டி வரும்வரை ஓரமாக நிற்பார்களே தவிர, அங்கே குடியிருக்க மாட்டார்கள். வீடு வாசல் எல்லாம் எதிர்காலத்தில்தான்.

இந்த இனத்தின் தங்கமான பிரதிநிதி ஒருவர், கூட்டுறவு அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு கோப்பு தள்ளிவிட்டு ஓய்வு பெற்றார். மறுவாரமே காளானில் இறங்கினார். கட்டிலுக்கடியில் மூட்டை மூட்டையாகக் காளான் முளைக்கும், கப்பலேறும் என்றார். முளைத்தது மனைவிக்குத் தும்மல்தான். அடுத்து முயல். முயலின் வருங்காலத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டி வந்து அதை இறந்தகாலமாக்கிவிட்டுப் போனது. இதிலெல்லாம் மனிதர் சோர்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை உங்களுக்குச் சரியாகத் தெரியாது.

மூன்றாவதாக வந்ததுதான் சூரை.

சூரை தெரியுமல்லவா? கடையில் தகர டப்பாவில் டூனா என்று எழுதி விற்கிறார்களே, அதேதான். அவருடைய மருமகள் கடலோரத்தில் சூரைக் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாளர். சாப்பாட்டு மேசையில் அவள் அசதியில் உதிர்த்த நாலு வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டார் மாமனார். அவள் பத்து ஆண்டு படித்த படிப்பை இவர் பத்தே நாளில் முடித்தார். எப்படி என்கிறீர்களா? அவள் படித்தது சூரையை. இவர் படித்தது சூரையின் எதிர்காலத்தை.

பிறகென்ன! ‘சூரை மீன் வளர்ப்பு: சவால்களும் வாய்ப்புகளும்’ என்று ஒரு சொற்பொழிவு தயாரானது. முடிதிருத்தும் கடையில் தலையைக் குனியச் சொன்னால் நிமிர்ந்துகொண்டு பேசினார். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னபோது, அதற்கென்றே காத்திருந்தவர்போல அந்தத் திறந்த வாயோடேயே பேசினார். மூத்த குடிமக்கள் மன்றத்தில் வாரம் இருமுறை, ஒலிபெருக்கி வைத்தே பேசினார்.

“சவால் இல்லைன்னு நான் சொல்லலை. ஒரு கிலோ சூரை வளர, பத்து கிலோவுக்கு மேல சின்ன மீன் தின்னும். அதனால என்ன? சின்ன மீனையும் நாமளே வளப்போம்!”

“அது எதைத் தின்னும்?” என்று கேட்டார் ஓய்வு பெற்ற தபால்காரர். மன்றத்தில் தூங்காமல் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

“அதைவிடச் சின்ன மீனை. அதையும் வளப்போம்!”

“இப்படியே கீழ போனா, கடைசியில மொத்தக் கடலையும் இல்ல வளக்கணும்?”

“அதுதாங்க வாய்ப்பு!” என்று அவர் கையை உயர்த்தினார். “நாளைய கடல் நம் கையில்!” என்று முழங்கிவிட்டு நிறுத்தினார். அந்த இடத்தில் எப்போதுமே நிறுத்துவார். எப்போதுமே கைதட்டல் விழும். தூங்கியவர்கள்கூட விழித்துத் தட்டுவார்கள். விழிப்பதற்கு அதுதான் மணி.

ஒரு நாள் கைதட்டல் ஓய்ந்ததும் தபால்காரர் சாதுவாகக் கேட்டார். “ஐயா, நீங்க உயிரோட ஒரு சூரையைப் பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. டப்பாவில் ஒட்டிய படத்தில் பார்த்ததுதான். அன்று வீடு வரும்வரை அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லைப்போல உறுத்திக்கொண்டே வந்தது.

“ஏம்மா, மன்றத்து ஆளுங்களை உன் நிலையத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வரட்டா?”

“இப்ப வேண்டாம் மாமா. குஞ்சுங்களுக்கு இன்னைக்குத்தான் நாப்பது நாள். அடுத்த வாரம் கடல் கூண்டுக்கு மாத்திடுவோம். அப்புறம் நானே எல்லாரையும் படகுல கூட்டிட்டுப் போறேன்.”

“அதுவரைக்கும் என் மானம் தாங்காதும்மா.”

“உங்க மானத்தைக் கொண்டுபோய் மீன் குஞ்சுகிட்ட எதுக்குக் குடுக்கறீங்க?” என்றாள் மனைவி.

ஆனாலும் மாமனார் முகம் வாடியதைப் பார்க்க மருமகளுக்குப் பொறுக்கவில்லை. ஆறு பேர், ஐந்து நிமிடம், செல்போனைத் தொடக் கூடாது, குசுகுசுவென்றுதான் பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி சொன்னாள்.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர். யாரை விடுவது?

தொட்டி அறை மங்கலாக இருந்தது. வட்டத் தொட்டி, இடுப்பு உயரச் சுவர். சுவரின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் கோடுகள். குஞ்சுகளுக்குச் சுவர் இருப்பது தெரிய வேண்டுமே, அதற்காக அவளே சீலைத் துணியில் வரைந்து ஒட்டியவை. தண்ணீருக்குள் விரல் நீளக் குஞ்சுகள், வெள்ளி ஊசிகளைப்போல, ஒரே திசையில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. சூரை நிற்காது, நின்றால் மூச்சு நின்றுவிடும்.

“எண்பதாயிரம் முட்டையில தொடங்கினோம்” என்று மருமகள் கிசுகிசுத்தாள். “முதல்ல மேல மிதந்து செத்துச்சு. அப்புறம் அடியில இறங்கிச் செத்துச்சு. அப்புறம் ஒண்ணை ஒண்ணு தின்னுச்சு. எல்லாத்தையும் தாண்டி வந்தது இந்த ஆயிரத்து இருநூத்தம்பதுதான்.”

வருங்காலத்தாருக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை நாள் வாயால் வளர்த்த மீன் கண்ணெதிரே உயிரோடு ஓடுகிறது! தபால்காரர் வேறு பக்கத்தில் வாய் பிளந்து நிற்கிறார். இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியுமா? நீங்களானால் இருப்பீர்களா? குசுகுசுவென்றுதான் ஆரம்பித்தார். சவாலில் குரல் முழங்கால் அளவுக்கு ஏறியது, வாய்ப்பில் இடுப்பளவு, பிறகு அவரை அறியாமலே கை உயர்ந்தது.

“நாளைய கடல் நம் கையில்!”

நிறுத்தினார்.

பழக்கம் பொல்லாதது. பதினோரு பேரும் கை தட்டினார்கள். யாரோ ஒருவர் படமும் எடுத்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

தண்ணீர் கொதித்தது போலிருந்தது. வட்டமாக ஓடிக்கொண்டிருந்தவை கண்ட திசையில் சிதறின. டப், டப், டப் என்று சுவரில் சத்தம். சின்னஞ்சிறு சத்தம்தான், கோடை மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுவதுபோல. சில துள்ளித் தரையில் வந்து விழுந்தன. கைகள் தட்டிய நிலையிலேயே அந்தரத்தில் நின்றன.

“எல்லாரும் மெதுவா வெளிய போங்க” என்றாள் மருமகள். அப்போதும் அவள் குரல் உயரவில்லை.

எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. அவள் ஒரு கைவலையை எடுத்துச் செத்தவற்றை அள்ளத் தொடங்கினாள். அவர் தயங்கித் தயங்கி இன்னொரு கைவலையை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. சாயங்காலம்வரை மாமனாரும் மருமகளும் அள்ளினார்கள். மூக்கு நசுங்கிய குஞ்சு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எடையே தெரியவில்லை.

“எத்தனைம்மா?”

“முந்நூத்து நாப்பது.”

“என்னைத் திட்டிடும்மா. மனசு ஆறும்.”

“திட்டினா சத்தம் வரும் மாமா” என்றாள் அவள். “மிச்சம் இருக்கறதுங்க பயந்துடும்.”

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தான். வாங்காத அந்தத் திட்டுதான் அவரை உலுக்கிவிட்டது. அவள் மேலிடத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, ‘பார்வையாளர்கள் எழுப்பிய ஒலி’ என்று எழுதினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்படி எழுதாதே. ஒலி எழுப்பினது உன் மாமனார்னு எழுது. நீ வேண்டாம்னு சொல்லியும் வந்தவர்னு எழுது” என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவரே எடுத்து எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டார். அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு எத்தனையோ கையெழுத்துப் போட்டவர். தன் தப்பை ஒப்புக்கொண்டு போட்டது அந்த ஒன்றுதான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒலிபெருக்கியை ஒதுக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். எண்பதாயிரத்திலிருந்து சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் மருமகள் என்ன செய்தாள், எந்த வாரம் வீட்டுக்கே வரவில்லை, கோடு போட்ட துணியை எத்தனை முறை மாற்றி ஒட்டினாள் என்றெல்லாம் சொன்னார். முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. யாரும் தூங்கவும் இல்லை.

கடல் கூண்டுக்கு மாற்றிய நாளில் மருமகளே அவரையும் அவர் மனைவியையும் தபால்காரரையும் படகில் ஏற்றிக்கொண்டாள். கரும்பச்சைத் தண்ணீரில் பெரிய வளையம் மிதந்தது, கீழே வலை. குஞ்சுகள் முதலில் கும்பலாக ஒதுங்கின, பிறகு சுற்றத் தொடங்கின. தூவிய தீனியை இரண்டு மூன்று வந்து கொத்தின. அதைப் பார்த்ததும் நாற்பத்தேழு நாளில் முதன்முறையாக மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். “மாமா, தின்னுது பாருங்க! இங்க சத்தமாவே பேசலாம்.”

“இனிமே இதெல்லாம் என்ன ஆகும் ஐயா?” என்று வழக்கம்போல எடுத்துக் கொடுத்தார் தபால்காரர்.

வருங்காலத்தார் வாயைத் திறந்தார். கடலைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். “எனக்குத் தெரியலைங்க. அவளைக் கேளுங்க” என்றார். மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். படகு திரும்பும்போது கூண்டுக் கயிற்றில் பாசி தழைத்துத் தொங்கியதை அவர் கவனித்துவிட்டார். “ஏம்மா, இந்தப் பாசி இருக்கே…” என்று தொடங்கினார். “ஏங்க!” என்றாள் மனைவி. அத்தோடு நின்றது. அந்த இனத்தில் அதுவே பெரிய முன்னேற்றம்.

சரி, அவரை விடுங்கள். இவ்வளவு நேரம் அவரைப் பார்த்துச் சிரித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கலாமா? எண்பதாயிரம் முட்டை என்று படித்தபோது, நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எத்தனை குஞ்சு தாங்கும் என்று மனசு ஒரு விநாடி அளந்து பார்த்ததா இல்லையா? இல்லை என்று அவசரமாகத் தலையாட்டாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.