டப்பாக்காவும் மிஞ்சிப்போன உருளைக்கிழங்கும்

டப்பாக்காவை ஏமாற்றியவன் மேற்கு மாம்பலத்தில் இன்னும் பிறக்கவில்லை. நான் முயற்சி செய்திருக்கிறேன். நாலு நாள் தாக்குப்பிடித்தேன்.

ஒன்பது அறை மேன்ஷன் நடத்தி, எங்கள் பதினெட்டுத் தடிப்பயல்களுக்குச் சோறும் போட்டுவந்தார். காலையில் ஆளுக்கொரு டப்பா கட்டித் தருவார். சாயந்திரம் அதைக் கழுவாமல் அவர் கையில் கொடுத்தால்தான் படியேற முடியும். திறந்து மோந்து பார்த்தே ஜாதகம் சொல்லிவிடுவார்.

"கீரைய அப்படியே வெச்சுக்கீறே. வெளிய பிரியாணி துன்னியா?"

"ஐயோ, இல்லக்கா!"

"ஊதுடா!"

போலீஸ்காரர் குடித்தவனைத்தான் ஊதச் சொல்வார். இவர் பிரியாணி தின்றவனையும் விடமாட்டார். ஒருநாள் பக்கத்து அறை பாஸ்கர் சோற்றைத் தொடாமல் கொண்டுவந்தான். "யார்டா அந்தப் பொண்ணு?" என்றார். பயல் அங்கேயே அழுதுவிட்டான்.

வாசலில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு சட்டம்: 'வேலை இல்லாதவருக்கு ரூம் இல்லை.' ஒரு திங்கட்கிழமை எனக்கு வேலை போனது. ஊருக்குப் போனால் அப்பா உரக்கடையில் உட்கார வைத்துவிடுவார். அப்புறம் சென்னையை மறக்க வேண்டியதுதான். அதனால் மூச்சு விடவில்லை. தினமும் அயர்ன் சட்டை, டப்பா, மயிலாப்பூர் பஸ். பார்க் பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே வேலை தேடினேன்.

நாலாம் நாள் உருளைக்கிழங்கு வறுவல். ஆபீஸில் நாலு பேர் பிடுங்குவார்கள் என்று அக்கா எப்போதும் அமுக்கி அமுக்கி வைப்பார். ஒண்டியாளாக எவ்வளவுதான் தின்பது? பாதி மிஞ்சிவிட்டது.

அன்று டப்பாக்கா மோந்துகூடப் பார்க்கவில்லை.

"உருளக்கெழங்கு மிஞ்சிக்கீது?"

"பசிக்கலக்கா."

"உனுக்குப் பசிக்கல, சரி. ஆபீஸ்காரனுங்க நாலு பேருக்குமா பசிக்கல? கூடத் துன்ன ஆளே இல்ல. எத்தினி நாளா?"

"நாலு நாளாக்கா. வேலை போயிடுச்சு, பார்க்ல உக்காந்து தேடிட்டிருக்கேன். பெட்டியக் கட்டிடறேன்."

"எவன்டா கட்டச் சொன்னது? அந்த போர்டு வேலைக்குப் போவ மாட்டேன்றவனுக்கு. நீதான் தேடிக்கினு கீறியே! நாளைலேர்ந்து வெயில்ல குந்தாதே. ரூம்ல ஃபேனப் போட்டுக்கினு தேடு."

"அப்போ டப்பா வேணாம்க்கா. தட்டுலயே..."

"டப்பா டப்பாதான்!"

ஏழு வாரம், காலையில் டப்பாவோடு மாடியேறினேன். சாயந்திரம் கீழே இறங்கிவந்து சோதனைக்குக் காட்டினேன்.

அடையாறில் வேலை கிடைத்தது. முதல் நாள், யார் பெயரும் தெரியாத சாப்பாட்டு மேஜையில் டப்பாவைத் திறந்தேன். அமுக்கி அமுக்கி வைத்த உருளைக்கிழங்கு. தயங்கித் தயங்கி நீட்டினேன். இரண்டே நிமிஷத்தில் நாலு கை விழுந்து டப்பா காலி.

"சூப்பர் பாஸ்! வீட்ல யாரு சமையல்?" என்றான் ஒருவன்.

"எங்க அக்கா" என்றேன். பொய் சொன்ன மாதிரியே இல்லை.