சுகம் விசாரித்ததில் போன நகரம்

கெட்ட செய்தியை நேரே சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. முதலில் சுகம் கேட்போம், அடுத்து சாப்பாடு, அதன் பிறகு "பதறாமல் கேளுங்கோ". செய்தி வந்து சேரும்போது கேட்பவர் பாதி செத்திருப்பார். இந்தக் குணத்தோடுதான் நான் நேச நாடுகளின் ஏவுகணைப் பாதுகாப்பில் கை வைத்தேன்.

ஒஸ்லோவில் ஒரு பாதுகாப்பு அலுவலகத்தில் தற்காலிக வேலை. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலதிகாரி காரி முடிவு செய்யவிருந்த வாரத்தில்தான் கூட்டுப் பயிற்சியும் வந்தது. நாட்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு தொலைபேசி. வரும் ஏவுகணையை எங்கள் ரேடார் காணும். அதைச் சுட்டு விழுத்தும் ஆயுதம் பக்கத்து நாட்டிடம். (எல்லாம் கடதாசியில்தான், பயப்பட வேண்டாம்.) தகவல் சொல்ல வேண்டியவருக்குக் காய்ச்சல். "நான் செய்கிறேன்" என்று கையை உயர்த்தினேன். பெரிய வீரன்!

திரையில் சிவப்புப் புள்ளி தோன்றியது. தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையில் பக்கத்து நாட்டின் பெண் கேர்னல். நான் பேசியது நோர்வேஜிய மொழி. உள்ளே ஓடியது அச்சொட்டாக அம்மாவின் தமிழ்.

"வணக்கம், சுகமாய் இருக்கிறியளோ?"

"ஓம், சொல்லுங்கோ."

"மத்தியானம் சாப்பிட்டாச்சோ?"

"...ஓம்."

"பதறாதேங்கோ. ஒரு சின்ன விசயம். இருந்துகொண்டு கேளுங்கோ."

"இருந்துகொண்டுதான் இருக்கிறன்! என்ன விசயம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் காரி வரைபடத்தில் கேர்னலின் நகரத்தின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

"நகரம் முடிஞ்சுது. நீ இன்னும் சாப்பாட்டிலை நிக்கிறாய்."

வேலையும் முடிந்தது என்றே நினைத்தேன். கோப்பி நேரத்தில் கேர்னல் தேடி வந்து கை குலுக்கினார். இவ்வளவு மரியாதையாகத் தன்னை யாரும் சாகடித்ததில்லையாம். தொலைபேசியில் முதல் வசனம் ஆபத்தாகவே இருக்க வேண்டும், வணக்கம்கூடப் பிறகுதான் என்று அன்று எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டன. அந்த விதியை எழுதும் பொறுப்பைக் காரி எனக்கே தந்தார். "உன்னைப்போல ஒருத்தன் வந்தால் என்ன நடக்கும் எண்டு உனக்குத்தானே தெரியும்" என்றார். வேலை நிரந்தரமானது.

இந்த விதியை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

போன குளிர்காலம் அம்மா போன் எடுத்தார்.

"தம்பி, ஏவுகணை! கொப்பர் பனியிலை சறுக்கி விழுந்து கால் முறிஞ்சிட்டுது. ஆசுப்பத்திரியிலை நிக்கிறம்."

கையில் போனோடு சப்பாத்தைத் தேடினேன். பின்னால் அப்பாவின் முனகல் கேட்டது:

"பெடியன் சாப்பிட்டவனோ எண்டு முதல்ல கேட்டிருக்கலாமெல்லோ!"