குற்றவாளி அலமாரி

உலகத்தில் தோற்றுப்போகிறவர்கள் கோடிப் பேர். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தோற்றோம், வீட்டுக்குப் போனோம், சாப்பிட்டுப் படுத்தோம் என்றிருக்கிற நல்ல ஜனங்கள். நான் சொல்ல வந்தது 'காரணர்' என்கிற இனத்தைப் பற்றி. காரணர் தோற்பதே கிடையாது. அவர் ஜெயிக்கப் போகிற சமயத்தில் குறுக்கே ஏதோ ஒன்று வந்து விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் எங்கள் வட கரோலினாவில், அதிலும் மூர்ஸ்வில் பக்கம், இந்த இனம் கொழுத்து வளர்கிறது. தெருவுக்குத் தெரு ஒரு கார்ப்பந்தயக் குழு இருக்கிற ஊர். நாற்பது கார் ஓடினால் ஜெயிப்பது ஒன்றுதானே? மீதிப் பேருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு காரணம் வேண்டாமா?

இந்த இனத்தின் திலகம் வெர்லின் ஹாட்லி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் இரண்டு கார், பெரிய குழுக்கள் கழித்துக் கட்டிய எஞ்சின்கள், நாலைந்து மெக்கானிக்குகள். இதுதான் ஹாட்லி குழு. வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மற்றக் குழுக்காரர்கள் அதில் கோப்பைகளை அடுக்குவார்கள். வெர்லினிடம் அடுக்குவதற்குக் கோப்பை இல்லை. அதற்காக அலமாரியைக் காலியாகப் போடுவதா? குற்றவாளிகளை அடுக்கி வைத்திருக்கிறார். தட்டுக்கொரு உடைந்த சாமான், அடியில் வெள்ளைச் சீட்டில் வருஷம். குழுவின் முப்பது வருஷ சரித்திரமும் அதில் அடக்கம்.

நீங்கள் போனால் தப்ப முடியாது. முழங்கையைப் பிடித்துக்கொள்வார்.

"இந்த ஸ்பிரிங்கப் பாருங்க, சுண்டுவிரல் உசரம் இல்ல. கடைசி நேரத்துல படக்குனு ஒடிஞ்சுது. இல்லேன்னா அந்த வருஷம் கோப்ப நம்மளுது."

"அப்ப நீங்க எத்தனாவதா வந்துக்கிட்டிருந்தீங்க?"

"இருபத்தெட்டு. ஆனா வேகம் புடிக்க ஆரம்பிச்சிருந்தோம்ல!"

அடுத்த தட்டில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் ஒரு வேர்க்கடலைத் தோல். பந்தயக் காருக்குப் பக்கத்தில் கடலையைத் தோலோடு கொண்டுவந்தால் விளங்காது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருஷம் கார் சுவரில் போய் மோதியது. முதல் நாள் ஸ்டியரிங்கை நானே பார்க்கிறேன் என்று வெர்லின் ஸ்பேனரோடு கீழே படுத்திருந்தார் என்பது சரித்திரத்தில் ஏறவில்லை.

"எவனோ ஒரு படுபாவி வேலியோரம் நின்னு கடலை தின்னிருக்கான்" என்பார்.

"அந்தப் படுபாவிக்குப் பக்கத்துலதான் நானும் நின்னேன். மிச்சத்த எங்கிட்டதான் குடுத்தாரு, வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லி" என்பாள் அவர் மனைவி நடீன். வெர்லினுக்கு அந்த நேரம் பார்த்து எஞ்சின் சத்தத்தில் காது அடைத்துவிடும். எஞ்சின் ஓடவேண்டும் என்பது கட்டாயமில்லை.

நடுநாயகமாக வீற்றிருப்பது பெட்ரோல் டாங்கின் மூடி. அந்தப் பந்தயத்தில் தலைமை மெக்கானிக் ராய்ஸ், "பெட்ரோல் தீரப் போவுதுய்யா, காரை உள்ள கூப்பிடு" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு சுத்து வரும்" என்றார் வெர்லின். கார் இருமிக்கொண்டே நின்றுபோயிற்று. மூடி ஒழுகியதால் பெட்ரோல் வீணாகிவிட்டது என்று அன்று சாயங்காலமே தீர்ப்பாயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெர்லினாக இருந்தால் அந்தக் கூடத்தையே பெயர்த்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருப்பார். சொல்லிச் சொல்லி, கடைசியில் மூடிக் கதையை அவரே நம்பிவிட்டார். அதில்தான் வந்தது வினை.

வெர்லினின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவர் தம்பி மகள் லேனி. கெட்டிக்காரி. அவள் கையில் கிடைத்ததால்தான் அந்தத் தகரடப்பா பத்துப் பேரையாவது முந்திக்கொண்டிருந்தது. பெரிய குழு ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. போன கோடையில் ஒருநாள் அவள் வந்து நின்றாள்.

"பெரியப்பா, அவங்க மறுபடியும் கூப்பிட்டாங்க. ஞாயித்துக்கெழம பந்தயம் முடிஞ்சதும் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். எனக்கு இங்க ஓட்டத்தான் ஆசை. ஒரே ஒரு தடவ ஜெயிச்சிட்டாப் போதும், எங்கயும் போகமாட்டேன்."

"ஜெயிச்சிடலாம் கண்ணு. குறுக்க எதுவும் வராம இருந்தாச் சரி."

"எனக்கும் அதான் பயம், பெரியப்பா."

வெர்லின் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு முதன்முதலில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவள் இல்லாவிட்டால் குழு இருக்கும், ஞாயிற்றுக்கிழமைதான் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பந்தயம் தாண்டியதும் வானம் கறுத்தது. பாதிக்கு மேல் ஓடியபின் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பந்தயங்களில் வழக்கம் ஒன்றுதான்: அப்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கே கோப்பை. மழைக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று கணக்குப் போட்டு, முன்னால் போனவர்கள் எல்லாரும் பெட்ரோலுக்கும் டயருக்கும் உள்ளே ஒதுங்கினார்கள். ராய்ஸ் மட்டும் லேனியைக் கூப்பிடவில்லை. சரித்திரத்தில் முதல் தடவையாக ஹாட்லி குழுவின் கார் எல்லாருக்கும் முன்னால்! கோயில் ஆராதனையில்கூடக் கண்ணை மூடாத நடீன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பெட்ரோல் அஞ்சாறு சுத்துக்குத் தாராளமா வரும். அப்படியே ஓட்டு தாயி" என்றார் ராய்ஸ் ரேடியோவில்.

வெர்லினுக்கு வேர்த்துக் கொட்டியது. "மூடி ஒழுகினா?"

"எந்த மூடிய்யா?"

"அன்னிக்கு ஒழுகுச்சே!"

"அது எங்கய்யா ஒழுகுச்சு? நீதான..."

ராய்ஸ் முடிப்பதற்குள் வெர்லின் தன் ரேடியோப் பொத்தானை அழுத்திவிட்டார். "லேனி, உள்ள வா! பெட்ரோல் போட்டுக்க!"

"பெரியப்பா, கண்ணாடியில தூறல் விழுது!"

"சொன்னாக் கேளு, உள்ள வா!"

முதலாளி சொல், வந்தாள். பெட்ரோல் கேனைத் தூக்கியபோது வெர்லினின் வழுக்கையில் முதல் சொட்டு விழுந்தது. அவள் திரும்பித் தடத்தில் ஏறுவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. அவளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த யாரோ ஒருவன் கோப்பையை வாங்கிக்கொண்டு போனான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்தான் கையைத் தட்டிவிட்டது.

லேனி நனைந்துகொண்டே வந்து கையுறைகளைக் கழற்றினாள். கோபப்படவில்லை.

"பெரியப்பா, கோப்பகூட வேணாம். 'நான்தான் தப்புப் பண்ணிட்டேன்'னு ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. இங்கயே இருந்துடறேன்."

எல்லாரும் வெர்லினைப் பார்த்தார்கள். அவரும் சொல்லத்தான் நினைத்தார். சத்தியமாக நினைத்தார். வாயைத் திறந்தார்.

"நா..." என்றார். ராய்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நா... நாசமாப் போன இந்த மழை!"

லேனி பெரியம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ராய்ஸ் வெர்லினின் ரேடியோவை எடுத்து அலமாரியில் வைத்து, வருஷம் எழுதிய சீட்டையும் ஒட்டினார். இனியாவது உறைக்கும் என்று நினைத்திருப்பார், பாவம். போன வாரம் நான் போயிருந்தேன். வெர்லின் என் முழங்கையைப் பிடித்து நேரே அங்கேதான் கூட்டிப்போனார்.

"ஓட்டை ரேடியோங்க. நான் 'வராத'ன்னு கத்துறேன், புள்ளைக்கு 'வா' மட்டும் கேட்டிருக்கு!"

இப்போது லேனி ஜெயிக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறாராம். கொட்டகைத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நடீனிடம் சொல்லியிருக்கிறார்.

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டில் அப்படி அலமாரி ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்து, 'நான்தான் தப்புப் பண்ணினேன்' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

என்ன, தொண்டை கட்டிக்கொண்டதா? மழைக்காலம் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.