செத்த மாமா பந்திக்கு வந்தார்

என்னோடு ஒரு தடவை சினிமாவுக்கு வந்தவர்கள் மறு தடவை என்னைக் கூப்பிடுவதில்லை. நாயகி கதறிக்கொண்டிருப்பாள்; அவள் கடிகாரம் இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியதை நான் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். சித்திரை வெயில் என்று வசனம் பேசிவிட்டு நேரே ஐந்தருவியில் போய் ஆடினால் எனக்குப் பொறுக்காது. (சித்திரையில் அங்கே பாறைதான் காயும். தென்காசிக்காரியிடமா இந்தக் கதை?)

இந்தக் கிறுக்கு ஒரு நாள் என் அத்தையை அழவைத்தது.

அத்தையின் கணவர், என் மாமா, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். அங்கே சண்டைக் காட்சி எடுக்க வந்த சினிமாக்காரர்கள் அவருடைய மீசையில் மயங்கி, வெட்டுப்பட்டுச் சாகிற வேடம் கொடுத்தார்கள். தக்காளிக் கூடைகளின் மேல் சரிந்து மாமா பிரமாதமாகச் செத்தார். மறுநாள் குற்றாலத்தில் கல்யாணக் காட்சி. கூட்டம் பற்றவில்லை என்று அவரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். படத்தில் சண்டை முதலில் வந்தது, கல்யாணம் பிறகு. செத்த மனிதர் அதே மீசையோடு பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை உறிஞ்சிவிட்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சிரிப்பார். (கண்டுபிடிக்க என்னைப் போன்ற நிபுணி தேவையே இல்லை.)

நாலைந்து வருஷம் கழித்து மாமா நிஜமாகவே போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. படமெடுக்க ஃபோனை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். அவர் அசைவதையும் சிரிப்பதையும் பார்க்க அத்தைக்கு மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான்.

வருஷத் திதிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குத் துடிப்பு. மாமா வருகிற துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்டி, லேப்டாப்பில் ஒரு சின்னப் படம் தயாரித்தேன். அதோடு விட்டேனா? செத்தவர் எப்படிச் சாப்பிடுவார் என்று கை அரித்தது. கல்யாணத்தை முன்னால் போட்டேன், சண்டையைப் பின்னால். கதை சரியாகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

திதி முடிந்து, சாப்பாடும் முடிந்து, அச்சன்புதூர்ச் சொந்தங்கள் உட்பட எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மாமா பாயசம் குடித்தார், சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அத்தையும் சிரித்தாள். அடுத்து அரிவாள் வந்தது. மாமா சரிந்தார். திரை கறுத்துவிட்டது. நான், பாவி, கைத்தட்டலுக்காகக் காத்திருந்தேன்.

அத்தை அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்து வருவாவல்லா?” என்று கேட்டாள்.

செத்தவர் திரும்ப வருவது படத்தில் இருந்த தப்பு, அதைத்தான் திருத்தியிருக்கிறேன் என்று சொன்னேன்.

“அந்தத் தப்புதான்ட்டி எனக்கு வேணும்,” என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நானும் அழுதுகொண்டே லேப்டாப்பைத் திறந்து, பந்தியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் ஒட்டினேன். மறுபடி போட்டோம். வெட்டுப்பட்ட மாமா திரும்ப வந்து பாயசத்தை உறிஞ்சிய பிறகுதான் அத்தை கண்ணைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ‘எடிட்டரம்மா’ என்று பெயர். கல்யாண ஆல்பத்தைக்கூட என் கையில் கொடுக்கமாட்டார்கள். டிவியில் அந்தப் படம் போட்டால் அத்தையிடமிருந்து எனக்கு ஃபோன் வரும். போன வாரமும் வந்தது.

“இப்பதான்ட்டி மாமாவ வெட்டுனானுவ. இலை போடுததுக்குள்ள வா.”