மீன் காரணமாக வர இயலாமை குறித்து

அன்பும் மரியாதையும் கலந்து, மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நீங்கள், என் மகள், பேத்தி, பேத்தியைப் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்ட என் வீட்டுக்காரி, அதாவது உங்கள் அத்தை, எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம், மீனும் சுகம். இரண்டில் மீனின் சுகம்தான் ஒரு படி தூக்கல்.

வீட்டை மாடிக் குடித்தனக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு உங்களோடு வந்து நிரந்தரமாகத் தங்கும்படி எழுதியிருந்தீர்கள். பெற்ற மகன்கூட இப்படிக் கூப்பிடமாட்டான். ஆனாலும் வர இயலாது. காரணம் மீன். மீன்வளத் துறையில் இருக்கும் உங்களுக்கே மீனைப் பற்றிப் பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம், நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மேல்தொட்டியில் பாசி பிடித்துவிட்டது. ஆயுள் முழுக்கக் குடிநீர் பம்ப் ஓட்டியவன் வீட்டுத் தொட்டியில் பாசி என்றால் மானம் போகிற விஷயம். வண்ணமீன் கடைக்குப் போனேன். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்கிற சக்கர் மீனைக் கடைக்காரர் காட்டினார். விரல் நீளம்தான் இருந்தது. தொட்டி அளவுக்குத்தான் வளரும் என்றார். நான் விடப்போகிற தொட்டி ஆயிரம் லிட்டர் என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை. மீனுக்கு மட்டும் நன்றாக உறைத்திருக்கிறது. இப்போது அது என் முழங்கை நீளம், உடம்பெல்லாம் தகரம் அடித்த மாதிரி.

பாசியைத் தின்றது வாஸ்தவம். தின்றுவிட்டு அது போட்டதெல்லாம் குழாய் வழியாக முதலில் மாடிக்குத்தான் போனது. குடித்தனக்காரர் காலி செய்வேன் என்று குதித்தார். சரியென்று தண்ணீரையெல்லாம் வடியவிட்டு மீனைப் பிடிக்கத் தொட்டிக்குள் குனிந்தேன், அது முள்ளை விரித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது, எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே கீழே வீட்டுக்கு இறங்கிப் படுத்தவனால் மறுநாள்தான் திரும்ப ஏற முடிந்தது. தொட்டியில் வெறும் ஈரம். போய்ச் சேர்ந்திருக்கும் என்று எட்டிப் பார்த்தால் கண்ணை உருட்டி என்னைப் பார்க்கிறது. கொல்லைப்புறத்தில் துணி ஊறவைக்கும் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றினேன். தண்ணீர் கறுத்து நாறியது. வேறு மீனாக இருந்தால் மிதந்திருக்கும். இது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, பழையபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

ஒருநாள் குடித்தனக்காரர் அதை வாளியில் தூக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டார். பனியனோடு ஓடிப்போய்த் தெருமுனையில் மறித்தேன்.

"சார், ஏரியில விட்டா கரையெல்லாம் குடைஞ்சு பொந்து போட்டுரும். மத்த மீனோட முட்டையைக்கூட விட்டுவைக்காது. எங்க மாப்பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்."

"அப்ப உங்க மாப்பிள்ளையையே வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அடித்துக் கொல்லலாம்தான், மனசு வரவில்லை. அழுக்குத் தண்ணீரா, சரி; மூச்சுக்குக் காற்றில்லையா, சரி; தீனி இல்லையா, அதுவும் சரி என்று இருக்கிற ஒரு ஜீவனை எப்படி மாப்பிள்ளை அடிப்பது? அதற்கு ஆகாதது குளிர் ஒன்றுதான். உங்கள் ஊரோ ஜன்னலைத் திறந்தால் விறைக்கிற ஊர். ஆக, கூட்டிக்கொண்டும் வர முடியாது, விட்டுவிட்டும் வர முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. போன தடவை வந்தபோது உங்கள் வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்றே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை, எனக்குத்தான் பயமாக இருந்தது. இருந்தாலும் முக்கியக் காரணம் மீன்தான் என்பதைக் கவனிக்கவும்.

பேத்திக்கு என் முத்தங்கள். முதுகு பிடித்த கதை உங்கள் அத்தைக்குப் போக வேண்டாம். நோய்நொடி இல்லாமல் எல்லோரும் நிறைந்திருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. குடித்தனக்காரர் உங்களுக்குப் போன் போட்டாராமே. நீங்கள் அனுப்பிய உங்கள் துறை நண்பர் மீனை ஆய்வுக்கூடத் தொட்டிக்கு எடுத்துப் போய்விட்டார். ஈரச் சாக்கில் சுற்றி நானேதான் கொடுத்தேன். புது இடம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். "ரெண்டு நாள் மூலையில ஒண்டிக்கிட்டுக் கிடக்கும் சார், சாப்பிடாது. தொந்தரவு பண்ணாம விட்டா தானா வெளிய வந்துரும்" என்றார். நானும் அங்கே வந்து சில நாள் அப்படித்தான் கிடப்பேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் போட்டுவிடுங்கள்.