கயிற்றுச்சாமியும் நெல்மூட்டையும்

அந்த ஐப்பசியில் கும்பகோணத்திலிருந்து அந்தக் கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எல்லாம் கயிற்றுச்சாமியின் கிருபை! யானைக்கால் வீக்கத்தை ஒரே ராத்திரியில் வற்ற வைக்கிறாராம். டாக்டர்கள் முழி பிதுங்கும் வேலையை முழக் கயிற்றில் முடிக்கிறார் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

சாயங்காலம் வீங்கிய காலைச் சுற்றிக் கறுப்புக் கயிறு கட்டுவார். மந்திரித்த நெல்மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்வார். விடிந்தால் கயிறு தொளதொளக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கயிற்றை அவரிடமே காணிக்கையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறும்.

வேம்பு உள்ளூர்க்காரி. போராடி வாங்கிய துண்டு நிலத்தில் இறங்கி நட முடியாமல் கால் கனத்தது. அவளும் கயிறு கட்டிக்கொண்டாள்; காலையில் வற்றிய கால் அந்தியில் மறுபடி வீங்கியது. "சேத்துத் தீட்டும்மா" என்றார் சாமி. "சர்க்கார் குடுக்கிற யானைக்கால் மாத்திரையை வீட்டுல யாரும் தொடாதீங்க. கயிறு பலிக்காது." மகள் அமிர்தத்தின் மாத்திரை கூரைச் செருகலில் கிடந்தது. ஊரே அப்படித்தான்.

நோய் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போடும் நஃபீசா, இந்த ஊரில் மட்டும் கணக்கு ஏன் சறுக்கியது என்று பார்க்க வந்தாள். அவள் கணக்கில் கொசு இருந்தது, புழு இருந்தது. பாவம், கயிற்றுச்சாமி இல்லை.

"பத்துல எட்டுப் பேர் வருஷா வருஷம் மாத்திரையை முழுங்குனா, கொசு கடிச்சாலும் பரப்ப புழு இருக்காதுங்க. சில வருஷத்துல நோய் அத்துப்போகும்" என்றாள் வேம்புவிடம்.

"நீங்களும் குறிதானே சொல்றீங்க?" என்றாள் வேம்பு.

"ஆமாங்க. ஆனா ஊர் ரத்தத்தைச் சோதிச்சா என் குறி சரியா தப்பான்னு தெரிஞ்சுடும். தப்புன்னா கணக்கைத் திருத்துவேன். உங்க சாமி குறியைச் சோதிச்சீங்களா? இன்னிக்கு மந்திரிக்காத மூட்டைல காலை வச்சுப் படுங்களேன்."

விடிந்ததும் வேம்பு நேரே கூட்டத்துக்குள் புகுந்தாள். "சாமி, எங்க வீட்டு மூட்டை மந்திரமில்லாமலே வத்த வச்சிருச்சு! காலை உசத்தி வச்சாலே போதும்!"

"அது உன் பக்தியின் பலன்!"

"பக்தியா? ராத்திரி பூரா உங்களைத் திட்டிக்கிட்டில்ல படுத்திருந்தேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "யாரும் கயித்தைக் கழட்டாதீங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க" என்றாள் வேம்பு. உச்சிப்பொழுதில் சாமிக்குத் திடீரென்று காசி ஞாபகம் வந்துவிட்டது. காலி பஸ்ஸில் கம்பி நீட்டினார். அந்தியில் கால் மறுபடி வீங்கிக் கயிறு சதையைக் கடிக்க, கத்தரிக்கோல் கேட்டு அலறாத ஆள் இல்லை.

"உங்க மாத்திரை என் காலை வத்த வைக்குமா?" நஃபீசாவிடம் வேம்பு கேட்டாள்.

"வைக்காதுங்க. பொய் சொல்ல மாட்டேன். உங்க பொண்ணு கால் இப்படி ஆகாம காப்பாத்தும்."

அடிப்பாவி, பெற்ற பிள்ளைக்கு என்ன பண்ணப் பார்த்தேன்! வேம்பு ஓடிப்போய் அமிர்தத்துக்குச் சோறு போட்டு, மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நகரவில்லை.

மறுவாரம் அவள் வீட்டு வாசலில் கூட்டம். நெல்மூட்டைக்குக் குங்குமம், கற்பூரம்! நான்கு பேர் அதன்மேல் தலையை முட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேம்பு விளக்குமாற்றோடு வந்தாள். "காலை வைக்கிற இடத்துல தலையை வைக்கிறீங்களே! தலை யோசிக்கிறதுக்குய்யா!"